நீறாத சுண்ணாம்பு

எனக்கு எழுத்துச் சொல்லித்தருகிற தங்கச்சி, "உங்கடை வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாங்கோ அண்ணை" என்று சொல்லியிருக்கிறாள். என் வேலை கோடு கீறுவது. மெல்பேர்னில் ஒரு கால்பந்துக் கிளப்பின் மைதானத்தில் புல் வெட்டுகிறேன், உருளை இழுக்கிறேன், சனிக்கிழமைகளில் வெள்ளைக் கோடு கீறுகிறேன். இங்கத்தைய கால்பந்து மைதானம் முட்டை மாதிரி இருக்கும். பந்தும் அப்படித்தான். முட்டையைச் சுற்றிக் கோடு கீறுவதற்குக் கயிறு பிடித்தால் சரிவராது. வளைவு ஆளுக்குள் இருக்க வேண்டும். எனக்கு இருக்கிறது.

நாற்பத்தொன்பதாவது வயதில்தான் முதல் எழுத்தை எழுதினேன். இப்போது ஐம்பத்தொன்று. ஒரு பக்கத்தில் முடியாது என்று தெரிகிறது. கொப்பி முடியும்வரை எழுதுகிறேன்.

பதினொரு வயதில் யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புச் சூளையில் கல் சுமக்கத் தொடங்கினேன். சூளையிலிருந்து எடுத்த கல் பார்ப்பதற்குச் சாந்தமாக இருக்கும். தண்ணீர் பட்டால்தான் அதன் குணம் தெரியும். கொதிக்கும், வெடிக்கும், தெறிக்கும். அதைக் குழியில் போட்டுத் தண்ணீர் விட்டு, நாட்கணக்காக ஆறவைத்தால் மாவாகிவிடும். அதுதான் நீற்றின சுண்ணாம்பு. அது சுவருக்குப் பூச, வெற்றிலைக்குத் தடவ. நீறாதது ஒன்றுக்கும் தடவுவதற்கில்லை. குழிக்குத் தண்ணீர் விடும்போது முகத்தை அப்பால் திருப்ப வேண்டும் என்பது சூளைக்காரன் பிள்ளைக்கு முதல்நாளே அடித்துச் சொல்லப்படுகிற பாடம்.

அறுபத்தொன்பதாம் ஆண்டு சரக்குக் கப்பலில் வந்து இங்கே இறங்கி ஒளித்துக்கொண்டேன். கிளப்பில் வேலை கிடைத்தது. மற்ற மைதானக்காரர்கள் கடையில் சுண்ணாம்புப் பை வாங்குவார்கள். நான் ட்ருகனினாப் பக்கத்தில் ஒரு கல்முற்றத்தில் சுட்ட கல்லையே வாங்கிவந்து, கொட்டிலுக்குப் பின்னால் குழி வெட்டி நானே நீற்றுவேன். மாரிகாலச் சேற்றிலும் என் கோடு பல்லைப்போல் தெரியும். கிளப்பின் செயலாளர் ஹாலரன் அதைப் பார்த்து, மெல்பேர்ன் முழுக்க இப்படி ஒரு வெள்ளை இல்லை என்று சொன்னார். என் பெயர் ஐயாத்துரை. அவர் வாயில் அது டோரி.

எழுபத்திரண்டில் இரத்தினசிங்கத்தை வேலைக்குக் கொண்டுவந்தவன் நான். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவன், இங்கே படிக்க வந்து படிப்பை விட்டவன். ஊரென்றால் அவன் வீட்டுப் படலைக்கு வெளியே நின்று குரல் கொடுத்திருப்பேன். இங்கே ஒரே குசினியில் ஒரே சட்டியில் சாப்பிட்டோம். மண்வெட்டி பிடிக்கத் தெரியாது அவனுக்கு. பிடிக்கக் காட்டினேன். உருளையை எப்படித் திருப்புவது, ஈரப் புல்லில் எப்படி நடப்பது, எல்லாம். "அண்ணை, நீங்கள் மட்டும் இல்லாட்டி நான் ஊருக்குக் கப்பலேறியிருப்பன்" என்பான். அண்ணை என்றும் நீங்கள் என்றும் அவன் வாயால் கேட்பது எனக்கு இனிப்பாக இருந்தது. வேறொருவரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவனும் எனக்கு உதவினான். எழுபத்துநாலில் ஒளித்திருந்தவர்களுக்கு அரசாங்கம் மன்னிப்புக் கொடுத்தபோது என் படிவத்தை நிரப்பியவன் அவன்தான். நான் பெருவிரலை வைத்தேன்.

எழுபத்தாறில் கிளப் சிட்னிக்குப் போகப்போகிறது என்ற கதை வந்தது. இங்கே பார்க்க வருகிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள். அங்கே லிட்கம் பக்கத்தில் ஒரு மைதானம் தரத் தயாராக இருந்தார்கள். ஆட்டக்காரர், கொடி, பெயர், எல்லாம் அங்கே போகும். பழைய ஆதரவாளர்கள் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். கழுத்துச் சால்வை பின்னுகிற ஒரு கிழவி தினமும் வந்து அழுதாள். பிறகு நான் செய்ததை அவர்களுக்காகத்தான் செய்தேன் என்று ஒரு வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. கிளப் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. நானும் போவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

சிட்னி மைதானத்துக்குப் பின்னால் தலைமை மைதானக்காரனுக்கு ஒரு வீடு இருந்தது. இரண்டு அறை, ஒரு விறாந்தை. ஹாலரன் படத்தில் காட்டினார். ஏழு வருடம் கோடு கீறியவன் நான். ஒரு செவ்வாய்க்கிழமை கொட்டிலுக்குக் கடிதம் வந்தது. இரத்தினசிங்கம் உடைத்து வாசித்தான். அவனுடைய பெயர்தான் அதில் இருந்தது.

ஹாலரனிடம் போய்க் கேட்டேன். அவர் என் தோளில் கைவைத்து, நீ நல்ல வேலைக்காரன் டோரி, ஆனால் அங்கே இருப்பவனுக்கு எழுத வாசிக்கத் தெரிய வேண்டும் என்றார். நியாயமான பேச்சு. எனக்குக் கோபம் வரவில்லை.

கொட்டிலுக்குத் திரும்பினேன். இரத்தினசிங்கம் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஐயாத்துரை, மழை வரப்போகுது. உந்த உருளையை உள்ளுக்கை விடு" என்றான்.

அண்ணை இல்லை. விடுங்கோ இல்லை. நான் உருளையை உள்ளே விட்டேன்.

"என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை."

"யோசியாதை. நான் போய் ஒரு நிலைக்கு வந்தாப்போலை உன்னைக் கூப்பிடுறன். எனக்கு அங்கை ஒரு கையாள் வேணும்தானே. நாகலட்சுமியும் வந்திடுவா. கோடிப்பக்கம் உனக்கு ஒரு பத்தி இறக்கித் தாறன், போதாதோ?"

"போதும்" என்றேன்.

நாகலட்சுமி அவன் மனைவி. அப்போது ஊரில் ரீச்சராக இருந்தாள். அவள் கடிதங்களை எனக்கும் வாசித்துக் காட்டுவான். 'அண்ணையைச் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கோ' என்று கடைசியில் ஒரு வரி எப்போதும் இருக்கும். அந்த ஒரு வரிக்காக முழுக் கடிதத்தையும் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் சிட்னி வீட்டு விறாந்தையில் இருப்பாள், நான் வீட்டுக்குப் பின்னால் கோடிப் பத்தியின் சாய்ப்பிலிருந்து அவர்கள் சிரிப்பைக் கேட்பேன். இதை நினைத்தபோதும் எனக்குக் கோபம் வரவில்லை. எழும்பிப் போய்க் குழிக்குத் தண்ணீர் விட்டேன், அவ்வளவுதான்.

ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை சிட்னியில் வெள்ளோட்டமாக ஒரு ஆட்டம் வைத்தார்கள். மைதானம் தருகிறவர்களும் கால்பந்துச் சங்கத்துப் பெரியவர்களும் பார்க்க வருவார்கள், பார்த்துவிட்டுக் கையெழுத்து வைப்பார்கள். இரத்தினசிங்கம் முன்னரே போய்விட்டான். "உன்ரை சுண்ணாம்புதான் வேணும், ரெயிலிலை போட்டுவிடு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கொட்டிலில் இரண்டு பீப்பாய்கள் இருந்தன. ஒன்றில் நீற்றினது, மற்றதில் நீறாதது. இரண்டிலும் இரத்தினசிங்கம் தன் கையால் எழுதி ஒட்டியிருந்தான். நான் பிழையான பீப்பாயிலிருந்து சிட்னிக்கு அனுப்புகிற தகரத்தை நிரப்பினேன். எழுத்துத் தெரியாத கூலிக்காரன், பிழைத்துவிட்டது. பிறகு நடந்த விசாரணையிலும் அப்படித்தான் எழுதினார்கள். "எனக்கு வாசிக்கத் தெரியாது சேர்" என்று நான் சொன்னபோது, கேள்வி கேட்டவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஒரு கோப்பைத் தண்ணீர் தரச் சொன்னார்.

முப்பது வருடம் சுண்ணாம்பில் கிடந்தவனுக்குப் பீப்பாயில் எழுத்து எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நீறாதது கல்லாக இருக்கும். தூக்கினாலே பாரம் சொல்லும். வியர்த்த கையில் எடுத்தால் கடிக்கும். அந்தக் கல்லைத் தூளாக்காமல் கோடு கீறுகிற வண்டியில் போட முடியாது. யார் தூளாக்கியது என்றும் அவர் கேட்கவில்லை. வியாழக்கிழமை முழுதும் நான் அதை இடித்தேன். வாயில் துணி கட்டிக்கொண்டு அரித்தெடுத்தேன். மேலே தூள், அடியில் மட்டும் கட்டிகளை அப்படியே விட்டேன். கைவேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் பழக்கம்.

கோடு கெட்டு அவன் வெட்கப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். வெட்கப்பட்டால் வீட்டை எனக்குத் தருவார்கள்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்குக் கொட்டில் ரெலிபோன் அடித்தது. இரத்தினசிங்கம்தான். பின்னால் ஆட்கள் உள்ளே வருகிற இரைச்சல் கேட்டது.

"ஐயாத்துரை, சுத்துக்கோடு கீறிப்போட்டன், வடிவாய் இருக்கு. கோல் கம்பத்தடிச் சதுரத்துக்குத் தடிப்பாய்ப் பூச வேணும். தகரத்து அடியிலை எல்லாம் கட்டியாய்க் கிடக்கு. கையும் கொஞ்சம் எரியுது."

"ரெயிலிலை குலுங்கி இறுகியிருக்கும்."

"அப்ப என்ன செய்ய?"

"வாளியிலை கொட்டித் தண்ணி விடு."

"விட்டால்?"

"கரையும். கரையுதோ எண்டு குனிஞ்சு பார்" என்றேன்.

"சரி, வை" என்றான். நான் ரெலிபோனை வைத்தேன். தேத்தண்ணீர் போட்டுக் குடித்தேன்.

அவனை அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். தடுக்கி வாளிக்குள் விழுந்துவிட்டான் என்று நினைத்திருக்கிறார்கள். ஆட்கள் நிறைந்துவிட்டதால் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். இரண்டாம் கால்வாசியில் தூறல் விழுந்தது. கோட்டில் விழுந்து எழும்பியவர்கள் ஒவ்வொருவராகக் கையையும் தொடையையும் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒன்பது பேர். முன்வரிசை ஆட்டக்காரன் கெவின், கன்னம் கோட்டில் உரசச் சறுக்கியிருந்தான். இன்றைக்கும் அந்தப் பக்கக் கன்னத்தில் அவன் சவரம் செய்ய முடியாது. நல்ல பையன். எனக்கு ஒரு வருத்தமும் தராதவன்.

ஆட்டம் நின்றது. ஆட்டக்காரர் அந்த மைதானத்தில் இனிக் கால்வைக்க மாட்டோம் என்றார்கள். மைதானம் தருகிறவர்கள் தரமாட்டோம் என்றார்கள். அடுத்த மாதம் கிளப் உறுப்பினர்கள் கூடி, போவதில்லை என்று கைதூக்கினார்கள். பேப்பர்கள் சிட்னிக்காரருக்கு இந்த ஆட்டம் பிடிக்காது என்றும், மெல்பேர்ன்காரரின் பற்று வென்றுவிட்டது என்றும் எழுதின. சால்வைக் கிழவி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். சிட்னி வீடு யாருக்கும் கிடைக்கவில்லை. எனக்கும்தான். அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

இரத்தினசிங்கத்துக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. விசாரணையில் அவன் எனக்காகச் சாட்சி சொன்னான். "ஐயாத்துரை அண்ணைக்கு வாசிக்கத் தெரியாதெண்டு எனக்குத் தெரியும். திறந்தவுடனை நான்தான் பார்த்திருக்க வேணும். என்ரை பிழை" என்றான். ரெலிபோனில் தண்ணீர் விடச் சொன்னதையும் சொன்னான், எப்போதும் அப்படித்தான் கரைப்பது என்றும் சொன்னான். குனிந்து பார்க்கச் சொன்னதைச் சொல்லவில்லை. மறந்திருப்பான். வலியில் எவ்வளவோ மறந்துபோகும்.

அன்றிலிருந்து நான் அவனுக்கு அண்ணை, அவன் வாயில் நீங்கள்.

அடுத்த வருடம் நாகலட்சுமி வந்தாள். மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், முன்னறை எனக்கு. அவள் பிஸ்கற் பக்டரிக்குப் போகிறாள். கிளப்பில் இப்போது தலைமை மைதானக்காரன் நான். வந்த முதல் கிழமையே அவள் என்னைக் குசினிக் கதிரையில் இருத்தி, "அண்ணை, எழுத்துத் தெரியாததாலைதானே இவ்வளவு அழிவும். இனி உங்களாலை ஒருத்தருக்கும் அப்பிடி நடக்கக் கூடாது" என்று சொல்லி, என் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தாள். அவள் கை குளிர்ந்திருந்தது. எழுத்துப் படிக்க இவ்வளவு நாள் சுணங்கியதற்காக நான் வருத்தப்படவில்லை.

தங்கச்சி, இதை நீ சிவப்புப் பேனையோடு இருந்து வாசிப்பாய். நான் ஒரு குடும்பத்தையும் கெடுக்கவில்லை என்பது உனக்கு விளங்கும். சிட்னிக்குப் போயிருந்தால் நீங்கள் இரண்டு பேராக இருந்திருப்பீர்கள். இப்போது மூன்று பேர். அவனுக்குப் பேப்பர் வாசித்துக் காட்ட ஒரு அண்ணன் இருக்கிறான்.

இதை எழுதும்போது இரத்தினசிங்கம் எதிரே கதிரையில்தான் இருக்கிறான். பேனை உராய்கிற சத்தத்தை வெகுநேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சற்று முன்னர், "எழுத்துக் கனக்கப் போகுது போலை" என்றான்.

"ஓம், வேலையைப் பற்றி" என்றேன்.

அவன் என் பக்கமாக முகத்தைத் திருப்பி, ஒரு சொல்லுக்கும் அழுத்தம் கொடுக்காமல், "கனக்கக் குனிஞ்சு பாராதேங்கோ அண்ணை. கண்ணுக்குக் கூடாது" என்றான்.

என்மேல் அவனுக்கு எப்போதும் இப்படித்தான், அவ்வளவு அக்கறை.