கயிற்றைப் பிடித்த துரை

றொசல்ல நிலையம் தாண்டி மலையில் ரயில் மூச்சுவாங்கி ஏறிக்கொண்டிருந்தது. எதிர்ப் பலகையில் இருந்த கருவாட்டு வியாபாரி, பக்கத்தில் இருந்த தோட்டத்துப் பெண்ணிடம் சொன்னார்:

"நல்லவேளை, தொர மீன வாங்கிட்டாரு. எங்க கடற்கரை தப்பிச்சுச்சு."

"மீனுக்கும் கரைக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"ஒரு தொர பங்களா கட்டணும்னு, நாங்க கரைவலை இழுக்கிற எடத்துல முளை அடிச்சிட்டாங்க தங்கச்சி. பாட்டன் காலத்துலேருந்து இழுக்கிற எடம். அம்மன் தீர்த்தமாடுறதும் அங்கதான். எவ்வளவோ கெஞ்சிப் பாத்தோம், கேக்கல. ஒரு நாள் எடத்தப் பாக்க வந்த அந்தத் தொர, வெளையாட்டா வலைக்கயித்தப் புடிச்சு எங்களோட இழுத்தாரு. கயித்துல கை வச்ச யாருக்கும் பங்கு குடுக்கணும், அது எங்க வழக்கம். பெரிய பாரை மீனாப் பாத்துக் குடுத்தோம். சந்தோசமா வாங்கிக்கிட்டாரு."

"அப்புறம்?"

"'பங்கு வாங்குன ஆளு கரைய அடைக்கக் கூடாதுங்கய்யா'ன்னு சொன்னாரு வலைக்குச் சொந்தக்காரரு, எங்க சம்மாட்டி. தொர மீனையே பாத்துக்கிட்டு நின்னாரு. மறுநாள் அவரு ஆளுங்களே வந்து முளையப் புடுங்கிட்டுப் போனாங்க."

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு, ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எங்க தோட்டத்துத் தொர முதுகுலயும் ஒரு நாளைக்குக் கொழுந்துக் கூடைய மாட்டிப் பாக்கணும்ணே."