இன்னும் கண் திறக்கவில்லை

இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் காப்பி நன்றாக இருக்கிறது. சிகாமட் ரயிலடிக் கடையில் கிடைப்பதைவிட எவ்வளவோ தேவலை. காகிதமும் நல்ல காகிதம். நான் சொல்லச் சொல்ல உங்கள் மொழிபெயர்ப்பாளர் எழுதிக்கொள்வதாகத்தான் முதலில் ஏற்பாடு. இரண்டு வரி ஆனதும் வாங்கிப் பார்த்தேன். 'சித்திரம்' என்பதைச் 'சித்திறம்' என்று எழுதி வைத்திருந்தார். அப்படிப்பட்டவர் கையில் ஒரு கலைஞனின் வரலாற்றை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. நானே எழுதித் தருகிறேன்.

என் பெயர் சதாசிவம். ஆத்தங்கரை ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணி, கணக்கெழுதுகிறவர்களுக்கெல்லாம் தலைமை. அங்கே மதுரைவீரன் கோயில் கமிட்டிக்கும் நான்தான் தலைவர். 'காளியப்பன் சித்திர பரிபாலன சபை' என்று ஒன்று இருப்பதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஸ்தாபகர், தலைவர், காரியதரிசி எல்லாம் நானே. மற்ற உறுப்பினர்களும் உண்டு. கூட்டத்துக்கு வருவார்கள், பலகாரம் சாப்பிடுவார்கள், போவார்கள்.

காளியப்பனை நீங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்து அவரை எடை போட்டுவிடக் கூடாது. பெரிய யுத்தத்தின்போது மதராஸ் சாப்பர் பட்டாளத்தோடு மெசபத்தோமியாவுக்குப் போனவர் அவர். பட்டாளத்தில் பாலம் கட்டுவது வேலை. ஓய்ந்த நேரத்தில் பிஸ்கோத்துப் பெட்டி அட்டைகளில் கரித்துண்டால் கூட இருந்தவர்களை வரைவாராம். வரையப்பட்டவர்களில் பாதிப் பேர் ஒரு பாலத்தோடு ஆற்றில் போனார்கள். அட்டைகளும் போயின. யுத்தம் முடிந்து ஜொகூருக்குக் கப்பலேறி வந்தவர், எங்கள் தோட்டத்தில் பலகைகளுக்கு எழுத்து எழுதிக்கொண்டும் துரை பங்களாவுக்குச் சாயம் அடித்துக்கொண்டும் இருந்தார்.

கோயில் கட்டியபோது உள்சுவரில் மதுரைவீரனின் படையை வரையச் சொன்னோம். குதிரையும் ஈட்டியுமாக எதிர்பார்த்தோம். அவரோ காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஆட்கள் தோளில் படகைச் சுமந்துகொண்டு ஆற்றில் இறங்குவதாக வரைந்து வைத்தார். சுவர் கொள்ளாத மனிதர்கள். கூலிகளை மேற்பார்க்கும் மண்டோருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு மட்டும் பார்த்த மாத்திரத்தில் புல்லரித்தது. ஏனென்றால் அத்தனை பேரில் ஒருவருக்கும் கண் இல்லை. புருவம் இருந்தது, மூக்கு இருந்தது. கண் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளையாக இருந்தது.

ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் ஏணியிலிருந்து இறங்காமலே, "இன்னும் கண்ணு தொறக்கலீங்க" என்றார்.

அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. மனித குலம் இன்னும் கண் திறக்கவில்லை. கொல்கிறவனுக்கும் தெரியவில்லை, சாகிறவனுக்கும் தெரியவில்லை. ஒரு சாயக்காரர் வாயிலிருந்து இப்படியொரு தத்துவம். 'குருட்டு யுகம்' என்று தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினேன். மூவாரில் பேசினேன், பத்து பகாட் ஊரில் பேசினேன், சிங்கப்பூரில் ஒரு வாசகசாலையில் மாலை போட்டுக் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். சுவரைப் பார்க்கவென்றே ஆட்கள் ரயிலேறி வந்தார்கள். அவர்களை அழைத்துப் போய்க் கோலால் சுட்டிக்காட்டி விளக்குவேன். காளியப்பன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கே புதிதாக இருக்கும் போலிருக்கிறது, அவ்வளவு கவனமாகக் கேட்பார்.

ஒவ்வொரு வருஷமும் ஆடித் திருவிழாவுக்கு முன்னால் அவர் ஆபீசுக்கு வந்து, "இந்த வருஷமாச்சும் ஒரு நாள் குடுங்க ஐயா" என்று கேட்பார். நான் லீவு கேட்கிறார் என்று நினைத்தேன். கொடுத்தும் இருக்கிறேன்.

விஷயத்தை எனக்குச் சொன்னது ராசம்மா. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அவள் புருஷனும் அதே பட்டாளத்தில் இருந்து அந்த ஆற்றில் போனவன். சுவரில் இடது ஓரமாக, தாடையில் தழும்போடு நிற்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் அவள் வேலை முடிந்து குளித்துவிட்டு வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"கமிட்டியில நாள் குறிச்சாத்தான் கண்ணு எழுதலாமாம். நீங்க குறிக்க மாட்டேங்குறீங்களாம். கண்ணு மட்டும் வந்துட்டா அவரேதாங்க ஐயா. ஒரு தடவ பாத்துட்டாப் போதும்."

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தெய்வ காரியமாக எழுதுகிற உருவத்துக்கு மற்றதெல்லாம் முடித்துக் கண்ணைக் கடைசியில் வைப்பார்களாம். நல்ல நாள் பார்த்துப் பூசை போட்டு எழுதுவதற்குக் கண் திறப்பது என்று பெயராம். எழுதியதும் முதல் பார்வை உக்கிரமாக இருக்குமாம், அதனால் எதிரே ஆள் யாரும் நிற்காமல் பசுவையும் கன்றையும் கொண்டுவந்து நிறுத்துவார்களாம். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துச் சமையற்காரிக்குக்கூட இது தெரிந்திருந்தது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆக, காளியப்பன் சொன்னது அவ்வளவுதான். வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். நாள் குறிக்க வேண்டியவன் நான். இத்தனை வருஷமாக என் கையெழுத்துக்காகச் சுவர் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இந்த இடத்தில் நீங்கள் என் நிலைமையில் உங்களை வைத்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து ஒரு துரை, கீழ்த்திசைச் சித்திரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர், ஆடி மாதம் கண்ணில்லாத சுவரைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். என் விளக்கத்தை அப்படியே போடப்போவதாகவும் சொல்லியிருந்தார். அவரிடம் போய், 'மன்னிக்கவும், அது தத்துவம் இல்லை, நான் நாள் குறிக்க மறந்துவிட்டேன்' என்று சொல்வதா? என் மானம் போனால் போகட்டும். ஒரு மகா கலைஞனைச் சாதாரணச் சாயக்காரனாக்கும் பாவத்தை என்னால் செய்ய முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் காளியப்பனுக்குக் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. சுண்ணாம்புத் தூசியிலேயே காலம் கழித்தவர். பார்வை மங்குகிறது, அடியோடு போவதற்குள் இந்தத் திருவிழாவில் கண்ணை எழுதிவிடுகிறேன், கமிட்டி நாள் குறித்தாலும் சரி, குறிக்காவிட்டாலும் சரி என்று லயத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். நான் அவரைக் கோயிலில் உட்காரவைத்து அவருடைய சித்திரத்தின் பொருளைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப இவனுங்க எப்பத்தாங்க பாக்குறது?" என்றார். இவர்கள் பார்க்க வேண்டியதில்லை, நாம் இவர்களைப் பார்ப்பதற்காகத்தான் சித்திரம் என்றேன்.

"நாம பாத்துக்கிட்டுத்தான இருந்தோம், இவனுங்க முழுகுனப்ப" என்றார்.

காளியப்பனின் கலைக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே அபாயம் காளியப்பன்தான் என்பது அன்றைக்குத் தெளிவாகிவிட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மரியநாதன் கண்ணுக்கு விடச் சொல்லி ஒரு புட்டி மருந்து கொடுத்திருந்தார். காளியப்பனுக்குக் கை நடுங்கும், தானே விட்டுக்கொள்ள முடியாது. தினமும் காலையில் நான் போய் விட்டேன். பெரிய கிராணியே லயத்துக்கு வந்து கூலிக்காரனுக்கு மருந்து விடுகிறார் என்று பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். காளியப்பன், "ஒங்க கை குளுமைங்க" என்பார். சில நாள் மருந்தை மருந்தாகவே விட்டேன். அவர் மனம் மாறுவதற்குக் கால அவகாசம் கொடுத்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் மாறவில்லை. விளக்குக் கரியைச் சேர்த்து மை கூட்டிக்கொண்டிருந்தார்.

பால் ஸ்டோரில் ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஒரு திராவகம் வைத்திருப்போம். அதைக் கொண்டு மருந்தைச் சற்றுப் பலப்படுத்தினேன்.

அவர் கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எரியுதுங்க, ரொம்ப எரியுதுங்க" என்றார். எரிந்தால்தான் குணமாகும் என்று சொல்லி அடுத்த கண்ணுக்கும் விட்டேன். அவர் அண்ணாந்து காட்டினார். பட்டாளத்தில் இருந்தவர், மேலே இருப்பவர் சொன்னால் கேட்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அவரைப் பற்றிய என் கட்டுரையில் இந்தப் பணிவைக் குறிப்பிட வேண்டும் என்று அப்போதே தோன்றியது.

பார்வை போய்விட்டது என்று மரியநாதன் அழுதுகொண்டே வந்து சொன்னார். சபையைக் கூட்டினேன். அனுதாபத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சுவரை உள்ளது உள்ளபடியே பாதுகாக்க வேண்டும் என்று இரண்டாவது தீர்மானம். அதுவும் ஒருமனது.

திருவிழாவன்று பட்டப்பகலில் நடந்ததை நீங்கள் பலர் வாயால் கேட்டிருப்பீர்கள். நானும் சொல்கிறேன். ஆபீசில் இருந்தபோது உறுமிச் சத்தம் நின்றது. கோயிலுக்கு வெளியே மொத்த லயமும் விலகி நின்றுகொண்டிருந்தது. மண்டோர் தன் பசுவையும் கன்றையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். கண்ணில் துணிக்கட்டோடு காளியப்பன் சுவரோரம் நிற்கிறார். பக்கத்தில் ராசம்மா, கையில் மைக்கிண்ணம். அவள் முகம் முகமாக அடையாளம் சொல்கிறாள், அவர் பெயர் சொல்கிறார், சுவரைத் தடவுகிறார், மூக்கின் மேடு இல்லாத தட்டைச் சுவரில் எப்படித்தான் இடம் பிடித்தாரோ, விரலால் மை தொட்டு வைக்கிறார். அவர் கை நடுங்கவில்லை. தாடைத் தழும்புக்காரனிடம் வந்ததும் அவள் அடையாளம் சொல்லாமல் அவர் கையை எடுத்து அங்கே வைத்தாள்.

நிறுத்துங்கள் என்றேன். படத்துக்கு நேர் எதிரே போய் நின்றுதான் சொன்னேன்.

"முன்னால யாரும்மா நிக்கிறது?" என்று காளியப்பன் கேட்டார். பெரிய கிராணி என்று ராசம்மா சொன்னாள். அவர் சுவரிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்:

"நிக்கட்டும். மாட்ட வெளியவே கட்டச் சொல்லு. அவரு நின்னாப் போதும்."

இதை நான் ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன். மற்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு என்னை மட்டும் இருக்கச் சொன்னார் அல்லவா? கடைசிக் கண் எழுதி முடியும்வரை நான் நகரவில்லை. கால் நகரவில்லை என்பதுதான் சரி, உள்ளே புழுக்கம். ராசம்மா தன் புருஷனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவன் பார்க்கிற பக்கமாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

சிங்கப்பூர் துரை வந்தார். சுவரின் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். குருட்டு யுகம் பற்றி நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வரைந்தவர் எங்கே என்று கேட்டார். காளியப்பனையும் ராசம்மாவையும் சுவரோரம் நிறுத்திப் போட்டோ எடுத்தார். என் நிழல் படத்தில் விழுவதால் தள்ளி நிற்கச் சொன்னார். மருந்தில் என்ன கலந்திருந்தது என்று விசாரிக்கச் சொல்லி உங்களிடம் புகார் கொடுத்ததும் அவர்தான். காளியப்பன் யார் மீதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்ல என்ன இருக்கிறது? நான் செய்தது அவருக்காகத்தான்.

நானாக இங்கே வந்ததற்குக் காரணம், 'டிரெஸ்ஸரின் அஜாக்கிரதையால் சித்திரக்காரர் பார்வை இழந்தார்' என்று பத்திரிகையில் வந்த செய்தி. மரியநாதன் நல்ல மனிதர், ஆனால் கலையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். நாளைக்கு யாராவது இந்த வரலாற்றை எழுதும்போது, அவ்வளவு பெரிய முடிவை எடுத்தது அவர் என்று வந்துவிடக் கூடாது. காளியப்பனின் இரு கண்களையும் கெடுத்தவன் நான், சதாசிவம். யோசித்து, தெளிந்த மனதோடு, கலையைக் காப்பாற்றுவதற்காகச் செய்தேன். மரியநாதனை விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு கோரிக்கை. சர்க்கார் செலவில் அந்தக் கண்களுக்கு மட்டும் சுண்ணாம்பு பூசிவிட வேண்டும். வடக்கே நின்றாலும் தெற்கே நின்றாலும் அத்தனை கண்ணும் என்னையே பார்க்கின்றன. பார்வையில்லாதவர் எழுதியதால் வந்த சாதாரணக் கைப்பிழை அது, மற்றவர்களைக் கேட்டால் அப்படியெல்லாம் இல்லை என்கிறார்கள், அவர்களுக்குச் சித்திரம் பார்க்கத் தெரியாது. வேலை நடக்கும்போது என்னை அழைத்துப் போனால் கிட்ட இருந்து மேற்பார்வை செய்கிறேன். உள்ளே வரமாட்டேன், வாசலுக்கு வெளியே, சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுகொள்கிறேன்.