வாசம் படாத ஆட்கள்

எங்கள் தெருவில் யார் வீட்டில் கருவாடு வதங்கினாலும் முதலில் எனக்குத்தான் தெரியும். மூக்கு இருக்கிறது, மோப்பம் வருகிறது. ஓசூருக்குப் பிழைக்க வந்தவர்கள் குடியிருக்கும் தெரு. இவர்களை விசாரிக்க என்னை விட்டால் யார்?

வண்டி பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனி ஆண்கள் வந்தால், பெயின்டில் கலக்கும் தின்னர் வாசம் அவர்களுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழையும். எதிர்வீட்டு ஜோதிமணியின் புருஷன் மோகன்குமாரும் அங்கேதான்.

"உப்பு வாங்கப் போனவரு வெறுங்கையோட வந்து, எதுக்குப் போனேன்னு என்னையே கேக்கறாருக்கா" என்றாள் அவள், குழாயடியில்.

"கட்டின பொண்டாட்டிய மறக்கல இல்ல, சந்தோஷப்படு" என்றேன். கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

2006-இல் பெங்களூரிலிருந்து டாக்டர்கள் வந்தார்கள். பெயின்ட் பிரிவு ஆட்களின் ஞாபகத்தைச் சோதிக்க. எண்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும், காட்டி மறைத்த பொருள்களைச் சொல்ல வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, அந்த வாசம் படாத ஆண்களும் அதே தெருவிலிருந்து வேண்டுமாம். வித்தியாசம் தெரிந்தால் பிரிவை நிறுத்தி, ஆட்களுக்கு வைத்தியம் பார்ப்பார்களாம். ஆள் கூட்டிவரும் பொறுப்பு, எல்லோரையும் அறிந்தவள் என்று என்னிடம் வந்தது.

பிரிவுக்கு சூப்பர்வைசர் என் மருமகன் ஜெகதீஷ். "நிறுத்தினா மொதல்ல என்னத்தான் வெளிய அனுப்புவாங்க அத்த" என்றார். தங்கமான பிள்ளை.

அதே பிரிவில் பல வருஷம் இருந்து, முடியாமல் நின்றுவிட்டவர்களாகப் பார்த்துக் கூட்டிப்போனேன். இப்போது அவர்கள்மேல் வாசம் இல்லைதானே. முன்பு என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். அவர்களில் ஒருவரான நல்லுசாமிக்கு ஞாபகம் வரவில்லை. "தோட்ட வேலைங்க" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். நல்லுசாமிக்குச் சொந்த ஊரான பாரூரில் தோட்டம் இருந்தது, பொய்யில்லை.

இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தடுமாறினார்கள். வித்தியாசம் இல்லை என்று டாக்டர்கள் போய்விட்டார்கள். பிரிவு அப்படியே ஓடியது.

மோகன்குமார் மேலும் இரண்டு வருஷம் அங்கே போனான். இப்போது சட்டைப் பொத்தானை ஜோதிமணிதான் போட்டுவிடுகிறாள். தெரு முனைக்குப் போனால் யாராவது கூட்டிவர வேண்டும். பெரும்பாலும் நான்தான் கூட்டிவருகிறேன்.

அடுத்த வாரம் டாக்டர்கள் மறுபடி வருகிறார்கள். வாசம் படாத ஆட்கள் வேண்டுமாம். மோகன்குமாரைக் குளிப்பாட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

"பெரிய டாக்டரு பாப்பாருங்களாக்கா?" என்று ஜோதிமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கம்பக்கம் என்றால் இந்த உதவிகூடச் செய்யாமல் எப்படி?