வெளிச்சம் அடித்தால் சத்தம் வரும்

நெடுங்காடு பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு பெரியவரும் அவர் தங்கை புருஷனும். மூன்றாம் வகுப்போடு நின்றும் மூன்று கடை வைத்தவன் நான். கற்றதெல்லாம் காது வழியாகத்தான்; அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியும்.

"மூத்திரப்பைக்குக் கீழ இருக்கற புராஸ்டேட் சுரப்பிக்கு டாக்டர் சொன்ன சோதனைக்கு ஏன் போகல மச்சான்?"

"விரல விட்டுப் பாப்பாங்களாம் மாப்ள. புதுசா ஒரு மிஷினு ஆராய்ச்சியில இருக்காம். வெளிச்சம் அடிச்சா உள்ளேர்ந்து சத்தம் வருமாம். அதுலயே புற்றுநோய ஆரம்பத்துல கண்டுபிடிச்சிடலாமாம். அது காரைக்காலுக்கு வரட்டும், போறேன்."

"அதுவரைக்கும் நோய் காத்திருக்குமா?"

"எனக்கு ஒண்ணும் இல்லய்யா!" என்ற பெரியவர் சட்டென்று எழுந்தார். "கண்டக்டர், ஒண்ணுக்குப் போவணும், வண்டிய நிறுத்துங்க!"

தலத்தெரு ஸ்டாப் தாண்டி இது இரண்டாவது தடவை.

"இந்தச் சத்தத்துக்கு வெளிச்சமே வேணாம் மச்சான். பஸ்ஸுக்கே கேக்குது."