கறுப்புக் காரில் மணல்

அண்ணன்: துணிய கீழ போடு.

வாலு: இல்லண்ணா, லேசா ஒரு தட்டு தட்டிட்டு...

அண்ணன்: கீழ போடுன்னேன். எங்கெல்லாம் தொடச்ச?

வாலு: பானெட்ல மட்டும். இந்த ஓரத்துல... கொஞ்சம்.

அண்ணன்: காஞ்ச துணியிலயா?

வாலு: ம்.

அண்ணன்: மணல் மேல காஞ்ச துணி. அதுவும் கறுப்பு வண்டி. இதுக்கு உப்புத்தாள எடுத்துத் தேய்ச்சிருக்கலாம்.

வாலு: கத்தாத. அப்பா எழுந்துடுவாரு.

அண்ணன்: நான் எங்க கத்துனேன்? டார்ச்சப் பிடி. நேரா இல்ல, சாச்சு. ம்... பாரு, வட்ட வட்டமா எப்படி இழுத்து வச்சிருக்கன்னு.

வாலு: ஐயோ. முதலாளி தெனமும் பானெட்ட வெரலால தடவிப் பாத்துட்டுத்தானே வண்டில ஏறுவாரு. அப்பாவ வேலைய விட்டு அனுப்பிடுவாரா?

அண்ணன்: இது மேலோட்டமாத்தான் இருக்கு. பாலிஷ்ல போயிடும். நீ இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்திருந்தா போயிருக்காது.

வாலு: மணி என்ன?

அண்ணன்: ரெண்டு.

வாலு: அஞ்சு மணிக்கு முதலாளி வீட்டு வாசல்ல நிக்கணும். வேகமா கழுவிடலாம்ணா.

அண்ணன்: வேகமா கழுவுனா உன்ன மாதிரிதான் கழுவணும். மொதல்ல வண்டிய யாரும் தொடக்கூடாது. தண்ணி மட்டும். மேல இருந்து ஊத்துனா மணல் தானா எறங்கும்.

வாலு: மோட்டாரப் போட்டு பைப்ப...

அண்ணன்: போடு. தெருவே எழுந்து வந்து வேடிக்க பாக்கட்டும். அம்மா செடிக்கு ஊத்துற பூவாளி எங்க?

வாலு: பூவாளியில காரா?

அண்ணன்: சத்தம் வராது, தண்ணியும் பரவலா விழும். போ, ரொப்பிட்டு வா. பக்கெட் ரெண்டு எடுத்துக்க. ஒண்ணுல ஷாம்பு தண்ணி, இன்னொண்ணுல நல்ல தண்ணி.

வாலு: எதுக்கு ரெண்டு?

அண்ணன்: அழுக்குத் துணிய நல்ல தண்ணியில அலசி மணலப் போக்கிட்டுத்தான் திரும்ப ஷாம்புல முக்கணும். இல்லன்னா எடுத்த மணலயே திருப்பிப் பூசுவ. நான் வேல பாக்குற கார் சர்வீஸ்ல புதுசா வர்ற பசங்ககூட ஒரே நாள்ல கத்துக்குறாங்க.

வாலு: அவங்களையும் இப்படித்தான் திட்டுவியா?

அண்ணன்: அவங்க ரெண்டு மணிக்கு என்னை எழுப்புறதில்ல.

வாலு: இந்தா. ரொப்பிட்டேன்.

அண்ணன்: கூரையில இருந்து ஊத்து. ம்... அப்படியே. சரி, இவ்வளவு மணல் எப்படி வந்துச்சு?

வாலு: காத்துண்ணா. சாயந்தரம் பயங்கர காத்து.

அண்ணன்: காத்து வந்து சக்கரத்துக்குள்ள கை நெறைய அள்ளி வச்சுட்டுப் போச்சா? கைய நிறுத்தாத. ஊத்து.

வாலு: நான்தான்ணா. ஓட்டிப் பழகலாம்னு எடுத்துட்டுப் போனேன். யாருக்கும் தெரியாம.

அண்ணன்: நீயா.

வாலு: ஆமா. என்னைத் திட்டு. அப்பாகிட்ட மட்டும்...

அண்ணன்: டிரைவர் சீட் கடைசி வரைக்கும் பின்னால போயிருக்கு. அதுல உக்காந்து பிரேக்க மிதிக்கணும்னா நீ ஒட்டகச்சிவிங்கியா பொறந்திருக்கணும்.

வாலு: எறங்கும்போது தள்ளி வச்சேன்.

அண்ணன்: வாலு. பூவாளிய கீழ வை. என்னைப் பாத்துச் சொல்லு, யாரு ஓட்டுனது?

வாலு: சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேன்ணா.

அண்ணன்: யார்கிட்ட?

வாலு: அப்பாகிட்ட... ராத்திரி டியூஷன்ல இருந்து கூட்டிட்டு வந்தாரு. அந்தப் புதுக் கட்டடம் கட்டுற எடத்துல ரோடு வளையுதுல்ல. ரோடு வளஞ்சுது. அவரு வளைக்கல. நேரா மணல் குவியல்ல போய்...

அண்ணன்: அடி பட்டுச்சா?

வாலு: இல்ல. பாதி வண்டி உள்ள போச்சு, மணல் மேல சரிஞ்சு கொட்டுச்சு. ஹெட்லைட்டு எரிஞ்சிட்டே இருக்கு. எனக்கு எல்லாம் தெரியுது. அவரு என் பக்கம் திரும்பி, முன்னாடி என்னம்மா இருக்குன்னு கேக்குறாரு. அப்புறம் வீடு வர்ற வரைக்கும் நான்தான் சொல்லிட்டே வந்தேன். லெஃப்ட்டுப்பா, மெதுவாப்பா, சைக்கிள் வருதுப்பான்னு. அவரு சிரிக்கிறாரு. கண்ணுல தூசி விழுந்துடுச்சாம்.

அண்ணன்: தண்ணி காயுறதுக்குள்ள ஷாம்பு போடணும். அந்தப் பஞ்சுத் துணிய எடு. அழுத்தாத. நேர்கோடா இழு, வட்டம் போடாத. சக்கரத்துக்கு வேற துணி, கடைசில.

வாலு: நான் என்ன சொல்லிட்டிருக்கேன், நீ என்ன...

அண்ணன்: காதுல விழுது. கை வேலைய பாக்கட்டும்.

வாலு: துணி கீழ விழுந்துடுச்சு.

அண்ணன்: அத விடு. தரையில பட்டத வண்டியில வைக்காத. வேற எடுத்துக்க.

வாலு: அண்ணா... அஞ்சு மணிக்கு விடிஞ்சிருக்குமா?

அண்ணன்: அவரு நாலரைக்குக் கெளம்பணும். கும்மிருட்டு.

வாலு: முதலாளிய வேற ஏத்திக்கிட்டு... ஆனா சத்தியம் பண்ணாருண்ணா. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் போயிட்டு வந்துடுறேன், அப்புறம் இருட்டுல வண்டியத் தொட மாட்டேன்னு. நீ யார்கிட்டயும் சொல்லாதன்னும் சொன்னாரு. என் மேல சத்தியம் பண்ணாரு.

அண்ணன்: போன மாசம் இடது கதவு கேட்டுல உரசுனப்போ, ராத்திரியோட ராத்திரியா பாலிஷ் போட்டு மறச்சது நான்தான். அப்ப என் தலையில கை வச்சு இதே சத்தியத்தப் பண்ணாரு... நீ எழுப்ப வந்தப்போ நான் தூங்கல வாலு. காலையில அவரு ஓட்டக் கூடாதுன்னு, அவரு சட்டைப்பையில இருந்து வண்டிச் சாவிய எடுத்துட்டு வந்து படுத்து அஞ்சு நிமிஷம்கூட ஆகல.