கூடாரத்துக்கு அப்பால் நின்ற ஆம்புலன்ஸ்

கிள்ளானிலிருந்து தலைநகர் செல்லும் காலை ரயிலில், மருத்துவமனையில் இருக்கும் கணவரைப் பார்க்கப் புறப்பட்ட ஒரு பெண்மணியிடம், அவர் வசிக்கும் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதியின் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சொன்னார்:

“அண்ணனுக்கு நெஞ்சு வலின்னு கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருந்தா ஏற்பாடு பண்ணியிருப்போம், அக்கா.”

“நெஞ்சு வலி என்ன, மண்டபம் புக் பண்ணிட்டா வரும்?”

“கோவிக்காதீங்கலா. தீபாவளி விருந்துக்கு ரோட்டை அடைச்சு கெமா, பெரிய கூடாரமா போட்டாச்சு. ஆம்புலன்ஸ் எப்படி உள்ள வரும்?”

“பின்பக்க கேட் இருக்குல்ல?”

“திருட்டு பயத்துக்குப் பூட்டினது. நீங்களும்தானே கையெழுத்துப் போட்டீங்க?”

“திருடன் வரக்கூடாதுன்னு போட்டேன். பிரியாணி வரிசைக்கு நடுவுல என் வீட்டுக்காரரை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு ஓடணும்னா போட்டேன்? இன்னும் கண்ணு முழிக்கல, தம்பி.”

“சாவி தலைவர்கிட்ட. அவரு மேடையில இருந்தாரு. கூட்டத்துல போய் எப்படிக் கேக்குறது?”

“அப்புறம் சிறப்பு விருந்தினரா வந்த நம்ம சட்டமன்ற உறுப்பினர் வை.பி. எந்த வழியா வந்தாரு?”

“அவரு நிகழ்ச்சி நடுவுலதான் வந்தாரு, பின்பக்க கேட்டைத் திறந்து விட்டோம்லா.”

சொன்ன பிறகுதான் தன் வார்த்தை செயலாளரின் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அப்போ மேடைக்குப் போய்ச் சாவி கேட்டிருக்கீங்க,” என்றார் அந்தப் பெண்மணி.