வேதவல்லிக்காக யார் குளிப்பது

ஓடுகிறோம். அபாயச் சங்கு ஊதி முடியவில்லை. அதற்குள் விமானம் தலைக்கு மேல்.

1965 செப்டம்பர். நம் ஊர்க் கணக்கில் புரட்டாசி முதல் சனிக்கிழமை. பஞ்சாப் எல்லைக்குப் பக்கத்தில் எங்கள் கள மருத்துவமனை. எல்லாம் கூடாரங்கள். கூரைகளில் பெரிதாகச் செஞ்சிலுவை. அதைப் பார்த்தால் குண்டு போட மாட்டார்கள் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் டெல்லியில் இருந்தார். பொழுது சாயவில்லை. வெளிச்சம் நன்றாக இருந்தது.

முதல் குண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம். டம் என்று ஒரு சத்தம். பிறகு காதுக்குள் ஒரே விசில். பதுங்குகுழியில் நான் விழுகிறேன். என் மேல் சமையல்காரர் விழுகிறார். வேதவல்லி எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

நாங்கள் இருவரும் பட்டாளத்து நர்ஸ்கள். திருச்சியில் ஒன்றாகப் படித்தோம். ஒன்றாகவே பட்டாளத்தில் சேர்ந்தோம். நான் செல்லம்மாள், தென்னூர் சைக்கிள் கடைக்காரர் மகள். அவள் ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரி. அவள் அப்பாவுக்குப் பெருமாள் கோயிலில் கைங்கர்யம்.

குழிக்குள் எல்லோரும் ஹிந்தியில் கத்துகிறார்கள். லேட் ஜாவ், லேட் ஜாவ். படுத்துக்கொள் என்று அர்த்தம். எங்களுக்கு அது பழகிவிட்டது. மாரிமுத்துவுக்குப் பழகவில்லை. முசிறிப் பக்கத்துப் பையன், பட்டாளத்துக்குப் புதிது. கவாத்து மைதானத்து ஹிந்தி கொஞ்சம் தெரியும், அதுவும் அன்று மறந்துபோயிற்று. இரண்டு கண்ணிலும் கட்டு. கூடாரத்தை விட்டு வெளியே வந்து கைகளை நீட்டிக்கொண்டு நடக்கிறான். நடப்பது தொட்டிப் பக்கம், தீ எரிகிற இடத்துக்கு.

"அக்கா, எந்தப் பக்கம்?"

தமிழில் கேட்டான். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். வேதா குழியின் விளிம்பில் நின்றாள். எட்டி அவள் கையைப் பிடித்தேன். உதறினாள். அவனை நோக்கி ஓடினாள்.

"மாரி, படுத்துக்கோ! நகராதே!"

அவன் படுத்துக்கொண்டான். அவள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டாவது குண்டு விழுந்தது.

வேதாவைத் தூக்கியபோது கை, கால், முகம் எல்லாம் அப்படியே இருந்தன. முதுகில் மட்டும் ஒரு துண்டு இரும்பு. உயிர் இல்லை. மாரிமுத்துமேல் ஒரு கீறலும் இல்லை. யார் கத்தியது, யார் கத்தியது என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவன்மேல் எனக்கு அப்போது கோபம். இப்போது இல்லை.

ஸ்ரீரங்கத்துக்குத் தந்தி போயிற்று. பதில் வரவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. ஆண் நோயாளிகளைத் தொட்டுத் துடைக்கிற வேலைக்கு வேதா போனபோது வீதியே பேசியது. அவள் பெட்டியோடு கிளம்பிய அன்று அவள் அப்பா காவிரிக்குப் போனார். சாவுச் செய்தி கேட்டால் எப்படிக் குளிப்பார்களோ அப்படி முழுகிவிட்டு வந்தார். இனி அவள் தன் மகள் இல்லை என்று அர்த்தம். வேதா இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

சண்டை நின்றது. அஸ்தியை வாங்க யாரும் வராததால் என்னிடம் கொடுத்து லீவில் அனுப்பினார்கள். சின்ன மண் கலயம். வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. திருச்சி வந்து, சத்திரம் பஸ் நிலையத்தில் டவுன் பஸ் ஏறினேன். மடியில் கலயத்தை வைத்திருந்தேன். பக்கத்து சீட் அம்மாள் நெய்யா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. தெருவிலேயே நின்றேன். வேதாவின் அப்பா வெளியே வந்தார். திருமண் இட்டு, கோயிலுக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். கலயத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். தந்தி வந்த அன்றாவது குளித்தீர்களா என்று கேட்டேன். நான் கேட்க வந்தது அது ஒன்றுதான். அப்பா குளித்தால் அவள் மகள். குளிக்காவிட்டால் யாரோ.

"அவளுக்கு அன்னிக்கே ஸ்நானம் பண்ணியாச்சு. ஒருத்திக்கு ரெண்டு தரம் தீட்டு கிடையாது" என்றார்.

குரல் உயரவில்லை. தீட்டு என்று ஒப்புக்கொண்டால் அது கழியும்வரை கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. புரட்டாசி வேறு. ஒருநாளும் கைங்கர்யத்துக்குத் தவறாதவர் என்று ஊரில் பேர். அந்தப் பேரைத்தான் அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். கை வரமாட்டேன் என்கிறது.

கதவுக்குப் பின்னால் வேதாவின் அம்மா நின்றிருந்தார். தந்தி வந்த நாளிலிருந்து அழக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. இடுப்பில் குடத்தோடு வெளியே வந்தார். கணவரைத் தாண்டி, என்னைத் தாண்டி நடந்தார். பின்னாலேயே போனேன். அம்மா மண்டபம் படித்துறைக்கு வந்தோம்.

காவிரி நிறைந்து ஓடுகிறது. கடைசிப் படியில் நின்று கேட்டார்.

"ரொம்ப நாழி வலிச்சுதா?"

"இல்ல மாமி. உடனே உயிர் போயிடுச்சு."

"எதுக்குப் போனா?"

மாரிமுத்துவைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். கையை நீட்டினார். கலயத்தைக் கொடுத்தேன். பெண்கள் கரைக்கக் கூடாது என்று மேல்படியிலிருந்து ஒரு பெரியவர் சத்தம் போட்டார். மாமி திரும்பவில்லை. மகளைக் கரைத்தார். மூன்று முறை முழுகினார். மூன்றாவது முறை வெகுநேரம் எழவில்லை. நான் தண்ணீரில் இறங்கிவிட்டேன். அப்புறம்தான் தலை தெரிந்தது.

ஈரப் புடவையோடு வீதியில் நடந்தார். குடம் காலி. அவர் கணவர் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார். நாழியாகிறது, பெருமாளுக்குத் தளிகை ஆகவேண்டும் என்று சமையலைப் பற்றிப் பேசினார். மாமி படி ஏறவில்லை. தெருவில் நின்றே சொன்னார், வீதி முழுக்கக் கேட்கும்படி.

"என் பொண்ணு செத்துப்போயிட்டா. நமக்குத் தீட்டு. நான் தளிகை பண்ண மாட்டேன். நீங்க கோயிலுக்குப் போகப்படாது."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டிலும் தலைகள் தெரிந்தன. இனி அவர் போக முடியாது. வாசற்படியில் உட்கார்ந்தார். கோயில் மணி அடித்தது. எழுந்திருக்கவில்லை. மணி ஓய்ந்த பிறகு எழுந்தார். எங்கள் யாரையும் பார்க்காமல் காவிரிப் பக்கம் நடந்தார். துண்டுகூட எடுத்துக்கொள்ளவில்லை. அப்போதும் எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. மாமி மட்டும் அவர் போவதைப் பார்த்துக்கொண்டு அழுதார்.

அந்தச் சனிக்கிழமை இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்த் தொட்டி. இரண்டு கூடாரங்கள். இருந்த ரத்த பாட்டில்கள் அத்தனையும். அவை இல்லாததால் மறுநாள் போன ஒரு சிப்பாய், ஊர் தெரியாது. வார்டு ஆட்கள் இருவர், கர்த்தார் சிங், பாபுலால். மாரிமுத்துவின் கண்கள், அவை திரும்பவில்லை. வேதவல்லி, வயது இருபத்தாறு. அவளுக்காகக் குளித்தவர்கள் இரண்டு பேர், அவள் அம்மாவும் அப்பாவும்.